சொன்ன தொகையும் கையில் வந்த தொகையும்: வாடகைக் கார் செயலி நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகள்

செயலி வழியே வாடகைக் காரும் ஆட்டோவும் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் சென்னைக் கிளையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதல் இரண்டரை ஆண்டுகள் ஓட்டுநர் உதவி மையத்திலும், அதன் பிறகு நகரச் செயல்பாட்டுக் குழுவிலும். இதே துறையில் வேலைக்கான கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சேரலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊபரைப் பற்றி இடையிடையே வருபவை அமெரிக்க அரசு அமைப்புகளின் ஆவணங்களிலும் செய்தித்தாள்களிலும் பதிவானவை. அவற்றை வைத்து என் நிறுவனம் எது என்று ஊகிக்க வேண்டாம்.

சம்பளத்திலிருந்து தொடங்குகிறேன். என் கடிதத்தில் ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று இருந்தது. நேர்முகத் தேர்வின் கடைசிச் சுற்றில் ஹெச்.ஆர். பெண்மணியும் ‘மாதம் ஐம்பதாயிரம்’ என்றே சொன்னார். நானும் வீட்டில் அப்படியே சொல்ல, அம்மா அந்தத் தொகையை வைத்து அடகுக்கடையிலிருந்த வளையலை மீட்கும் மாதத்தைக்கூடக் குறித்துவிட்டார். முதல் மாதம் வங்கிக் கணக்கில் வந்தது 38,500 ரூபாய்க்குச் சற்று அதிகம். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் பிழை ஏதும் இல்லை. அந்த 50,000 ரூபாயில் மாதம் 5,000 ரூபாய் ‘வேரியபிள் பே’. அது காலாண்டு இலக்கை எட்டினால்தான் வரும். அடிப்படைச் சம்பளம் 20,000 என்பதால் நிறுவனம் கட்டும் பி.எஃப். 2,400 ரூபாயும், கிராஜுவிட்டி எனும் பணிக்கொடைக்கு ஒதுக்கும் 962 ரூபாயும், மருத்துவக் காப்பீட்டுக்கான 500 ரூபாயும் என் சம்பளமாகவே எண்ணப்பட்டிருந்தன. மீதியிலிருந்து என் பங்கு பி.எஃப். இன்னொரு 2,400 ரூபாயும் தொழில் வரியும் பிடிக்கப்பட்டன. இதில் சட்டத்துக்கு மாறானது ஒன்றும் இல்லை. பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் சி.டி.சி. (ஊழியருக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) என்ற பெயரில் இப்படித்தான் எழுதுகின்றன. என் மனத்தை உறுத்தியது, விளக்கம் கேட்டபோது கிடைத்த பதில்: “கடிதத்தோடு இணைப்பு அனுப்பியிருந்தோமே, நீங்கள் படிக்கவில்லையா?”

இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறே மாதத்தில் இதே பதிலை, அதே தொனியில், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேருக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஓட்டுநர் உதவி மையம் என்பது வரிசை எண் சீட்டு வாங்கிக்கொண்டு ஓட்டுநர்கள் காத்திருக்கும் ஒரு கூடம். எதிரே ஆறு கவுண்டர்கள். ஐ.டி. பிளாக் ஆனவர்கள், ரேட்டிங் இறங்கியவர்கள், பயணி பணம் தராமல் போனதால் பாக்கி ஏறியவர்கள் என்று பலவகையினர் வருவார்கள் என்றாலும், பாதிக்கு மேற்பட்டோர் வந்தது இன்சென்டிவ் கணக்குக்காகத்தான். காலையில் செயலியில் ‘இன்று 14 டிரிப் முடித்தால் இவ்வளவு’ என்று காட்டியிருக்கும். பதின்மூன்று முடித்தவருக்குப் பதினான்காவது டிரிப் ஒரு மணி நேரமாக வராது. அல்லது வந்த டிரிப்பைப் பயணி ரத்து செய்திருப்பார், அதனால் ஏற்பு விகிதம் குறைந்து தகுதி போயிருக்கும். ஒருவர் திருவொற்றியூரிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, முந்தைய நாள் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, “ஏம்மா, நேத்து ஒரு கணக்கு காட்டிச்சு, இன்னிக்கு வேற காட்டுது, நான் எதை நம்பி டியூ கட்டுறது?” என்று கேட்டார். அவருக்கு என் அப்பாவின் வயது இருக்கும். நான் திரையைப் பார்த்துக்கொண்டே, விதிமுறைகள் செயலியிலேயே இருக்கின்றன, நீங்கள் படிக்கவில்லையா என்றேன்.

அந்த விதிமுறைகள் அப்போது ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. அவற்றை யார் எழுதுகிறார்கள், எப்போது மாற்றுகிறார்கள் என்பது கவுண்டரில் இருந்த எங்களுக்குத் தெரியாது. திங்கட்கிழமை மாறிய திட்டம் எங்கள் மின்னஞ்சலுக்குப் புதன்கிழமை வந்து சேர்ந்த வாரங்கள் உண்டு. அந்த இரண்டு நாளும் ஓட்டுநர்களின் செல்பேசியைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். இந்த வேலையின் மிகப்பெரிய சுமை என்று நான் நினைப்பது நீண்ட நேரத்தையோ இரவு ஷிப்டையோ அல்ல. எதையும் திருத்தும் அதிகாரம் இல்லாமல், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருப்பதையே சொல்வேன். ஒரு டிரிப்புக்கு 50 ரூபாய் வரை சரிசெய்ய எங்களுக்கு முதலில் அனுமதி இருந்தது. பிறகு அதுவும் ஹைதராபாத்தில் இருந்த ஒரு குழுவின் ஒப்புதலுக்குப் போய்விட்டது. ஒப்புதல் வர நான்கு நாள் ஆகும். வண்டி டியூ நான்கு நாள் காத்திருக்காது.

கமிஷன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வரி போக 380 ரூபாய் வாடகை வந்த ஒரு டிரிப்பில் 25 சதவீதம் கமிஷன் என்றால் ஓட்டுநருக்கு நிற்பது 285. அதிலிருந்து டீசல், அந்தப் பயணியை ஏற்றுவதற்கு ஓடிய காலி ஓட்டம், திரும்பி வந்த காலி ஓட்டம், வண்டி டியூ, காப்பீடு, எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சான்று என்று எல்லாம் கழியும். ‘மாதம் இவ்வளவு சம்பாதிக்கலாம்’ என்று நிறுவனங்கள் பலகை வைத்தபோதெல்லாம் அது இந்தக் கழிவுகளுக்கு முந்தைய தொகையாகவே இருந்தது. என் கடிதத்தின் ஐம்பதாயிரமும் அந்தப் பலகையின் தொகையும் ஒரே வகையான எண்கள் என்பது எனக்குப் புரிய ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆனது.

இது நம் ஊரின் வழக்கம் மட்டும் அல்ல. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்துடன் ஊபர் 2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. நியூயார்க் ஓட்டுநரின் இடைநிலை ஆண்டு வருமானம் 90,000 டாலருக்கு மேல் என்று நிறுவனம் தன் வலைத்தளத்தில் சொல்லியிருந்தது. ஆணையத்தின் கணக்கில் அது 61,000 டாலர்தான், சொன்ன தொகையை எட்டியவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. அதே ஆண்டு மே மாதத்தில், நியூயார்க் ஓட்டுநர்களிடம் வரியைக் கழிக்காத தொகையின் மீது கமிஷனைக் கணக்கிட்டு அதிகமாகப் பிடித்துவிட்டதாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஒருவருக்குச் சராசரியாக 900 டாலர் திருப்பித் தர வேண்டியிருந்தது. பயணிகள் கட்ட வேண்டிய வரியை ஓட்டுநர்களின் பணத்திலிருந்து பிடித்தது குறித்த விசாரணை 2023 நவம்பர் வரை நீண்டு, நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துடன் ஊபர் 29 கோடி டாலருக்கும் அதன் போட்டி நிறுவனமான லிஃப்ட் 3.8 கோடி டாலருக்கும் உடன்பட்டதில் முடிந்தது. இவ்வளவு பெரிய தொகைகள் ஒவ்வொரு டிரிப்பிலும் பிடித்த சில்லறை சேர்ந்து உருவானவை. கவுண்டரில் 18 ரூபாய் வித்தியாசத்துக்காக அரை நாள் டூட்டியை விட்டுவிட்டு வந்து நின்றவர்களை ‘இதற்காகவா வந்தீர்கள்’ என்று நாங்கள் கேட்டது எவ்வளவு தவறு என்று இப்போது தெரிகிறது.

அலுவலகப் பண்பாட்டுக்கு வருகிறேன். இந்தத் துறையின் அலுவலகங்கள் எப்படி இருக்கும் என்பதை உலகம் பேசத் தொடங்கியது 2017 பிப்ரவரி 19 அன்று, ஊபரில் ஓராண்டு பணியாற்றி விலகிய சூசன் ஃபவுலர் என்ற பொறியாளர் தன் அனுபவத்தை எழுதி வெளியிட்டபோது. புதிய குழுவில் சேர்ந்த முதல் நாளே மேலாளர் தகாத செய்திகளை அனுப்பியதையும், அவர் ‘சிறப்பாக வேலை செய்பவர்’, இது ‘முதல் தவறு’ என்று ஹெச்.ஆர். சொல்லி அனுப்பியதையும், பிறகு வேறு பெண்களும் அதே மனிதரைப் பற்றி முன்பே புகார் செய்திருந்ததைத் தாம் அறிந்துகொண்டதையும் அவர் எழுதினார். அதே பிப்ரவரியின் கடைசி நாளில், கட்டணக் குறைப்பால் தான் நொடித்துப்போனதாகச் சொன்ன ஒரு ஓட்டுநரிடம் நிறுவனத் தலைவர் டிராவிஸ் கலானிக் வண்டியிலேயே கடுமையாகப் பேசிய காணொளி வெளிவந்தது. பலர் இவை இரண்டையும் இரு வேறு விவகாரங்களாகப் பார்த்தார்கள். இரு பக்கமும் உட்கார்ந்து பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேள்வி கேட்பவரையே பிரச்சினையாகப் பார்க்கும் இடத்தில், கேட்பவர் பொறியாளரா ஓட்டுநரா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதில்லை. கலானிக் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் பதவி விலகினார்.

ஃபவுலரின் பதிவுக்குப் பிறகு ஊபர் ஏற்பாடு செய்த விசாரணையை நடத்திய, அமெரிக்காவின் முன்னாள் அரசுத் தலைமை வழக்கறிஞர் எரிக் ஹோல்டரின் குழு தந்த 47 பரிந்துரைகளில் ஒன்று, மாலை உணவு நேரத்தை முன்னால் கொண்டுவர வேண்டும் என்பது. சான்ஃபிரான்சிஸ்கோ அலுவலகத்தில் இலவச இரவு உணவு 8.15 மணிக்குத்தான் வைக்கப்பட்டது. அது 7 மணிக்கு மாற்றப்பட்டது. வெளியிலிருந்து படிப்பவர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். எங்கள் அலுவலகத்தில் இரவு 9 மணிக்குப் பிறகு கிளம்பினால் வீடுவரை கார் உண்டு, உணவு கூப்பன் உண்டு. 7 மணிக்குக் கிளம்பினால் இரண்டும் இல்லை. பெருங்களத்தூரிலும் ஆவடியிலும் வீடு இருந்தவர்களுக்கு அந்தக் கார் மாதம் மூவாயிரம் ரூபாய்க்குச் சமம். ஆகவே யாரும் யாரையும் இருக்கச் சொல்லாமலேயே எல்லோரும் 9 மணிவரை இருந்தோம். பின்னர் அப்ரைசலில் ‘ஈடுபாடு’ என்ற தலைப்பின்கீழ் அந்த நேரம் எண்ணப்பட்டது. கைக்குழந்தை வைத்திருந்ததால் ஆறரைக்குக் கிளம்பிய என் தோழி, குழுவிலேயே அதிகமான புகார்களைத் தீர்த்து வைத்த காலாண்டிலும் நடுத்தர மதிப்பெண்ணே வாங்கினார்.

பெண்களின் பாதுகாப்பைப் பொறுத்தவரை நான் கண்டது கலவையானது. நியாயமாகச் சொல்ல வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இருக்க வேண்டிய உள்ளகக் குழு எங்கள் கிளையில் பெயரளவில் இல்லாமல் உண்மையாகவே இயங்கியது. நான் இருந்த காலத்தில் வந்த ஒரு புகாரைச் சட்டம் சொல்லும் 90 நாளுக்குள் முடித்து, குற்றம் செய்தவர் மூத்த பதவியில் இருந்தும் வெளியே அனுப்பினார்கள். இரவுக் காரில் பாதுகாவலர் வருவதும் ஒருநாளும் தவறவில்லை. இதைச் செய்யத் தெரிந்த நிறுவனத்துக்குச் சம்பளக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்வது ஏன் கடினமாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது.

காண்ட்ராக்ட் ஊழியர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பீடு முழுமையாகாது. ஆறு கவுண்டர்களில் நான்கில் இருந்தவர்கள் வேறொரு ஆள் வழங்கும் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். அடையாள அட்டையின் நாடா அவர்களுக்குச் சாம்பல் நிறம், எங்களுக்கு வேறு நிறம். ஒரே கூடம், ஒரே வரிசை, ஒரே வசவு. சம்பளம் மட்டும் எங்களுடையதில் பாதியைச் சற்றுத் தாண்டும். பெற்றோருக்கான மருத்துவக் காப்பீடு, ஆண்டு விழா, ‘டவுன் ஹால்’ எனும் மாதாந்திர ஊழியர் கூட்டம் எதுவும் அவர்களுக்குக் கிடையாது. மேடையிலிருந்து ‘நாம் எல்லோரும் இந்த நிறுவனத்தின் உரிமையாளர்கள்’ என்று சொல்லப்பட்ட மாலையில் அவர்கள் கீழே கவுண்டரில் சீட்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் கடிதம் எந்த நிறுவனத்தின் பெயரில் வந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

உரிமையாளர் என்ற சொல், நிறுவனப் பங்கைக் குறித்த விலையில் பின்னர் வாங்கிக்கொள்ளும் உரிமையை ஊழியருக்குத் தரும் பங்கு விருப்பத் திட்டத்திலிருந்து வந்தது. இரண்டாம் ஆண்டு சம்பள உயர்வுக்குப் பதிலாக எனக்கு அதைத் தந்தார்கள். நான்கு ஆண்டுகளில் படிப்படியாக உரிமையாகும், முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடையாது, விலகிய 90 நாளுக்குள் பணம் கட்டி வாங்காவிட்டால் போய்விடும் என்பவை நிபந்தனைகள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கை வாங்கும்போது, அதன் மதிப்புக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும். விற்க முடியாத பொருளுக்குக் கையிலிருந்து வரி கட்ட வேண்டிய நிலை. நான் வாங்கவில்லை. உயர்வாகக் கேட்டிருந்தால் மாதம் 3,000 ரூபாயாவது கிடைத்திருக்கும் என்று என் பக்கத்து இருக்கைக்காரர் பின்னர் சொன்னார்; அவர் கேட்டிருந்தார், அவருக்குக் கிடைத்திருந்தது. கேட்டால் கிடைக்கும் என்பதைக்கூட யாரும் சொல்லாத இடம் அது. ஊபரில் பெண் பொறியாளர்களும் வெள்ளையர் அல்லாத பொறியாளர்களுமாக சுமார் 420 பேரின் சார்பில் ஊதியப் பாகுபாடு குறித்துத் தொடுக்கப்பட்ட வழக்கு 2018 இல் 1 கோடி டாலர் சமரசத்தில் முடிந்ததைப் படித்தபோது, சம்பளத்தைப் பற்றிப் பேசாதே என்ற எழுதப்படாத விதி யாருக்குப் பயன்படுகிறது என்று யோசித்தேன்.

நல்லவையும் நிறைய உண்டு. நான்கு ஆண்டுகளில் ஒரு மாதம்கூடச் சம்பளம் தாமதமானதில்லை. அப்பாவின் கண் அறுவை சிகிச்சைக்கு நிறுவனக் காப்பீடு ஒரு ரூபாய் குறைக்காமல் முழுச் செலவையும் ஏற்றது. நகரச் செயல்பாட்டுக் குழுவுக்கு மாறிய பிறகு, எந்த மழைக்கு எந்தச் சாலை அடைபடும், கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த பிறகு அதிகாலை வண்டித் தேவை கோயம்பேட்டிலிருந்து எவ்வாறு தெற்கே நகர்ந்தது என்பதையெல்லாம் எண்களில் பார்க்கக் கற்றுக்கொண்டேன். இந்தத் திறமைக்கு வெளியே நல்ல மதிப்பு இருக்கிறது. உடன் வேலை பார்த்தவர்கள் போல நண்பர்கள் எனக்கு இனி எந்த அலுவலகத்திலும் அமைவார்களா என்பது ஐயம்தான். கற்றுக்கொள்ள நினைக்கும் இருபத்து நான்கு வயதுக்காரர் இரண்டு ஆண்டுகளுக்குப் போகலாம்; குடும்பத்தின் ஒரே வருமானம் தம்முடையது என்ற நிலையில் உள்ளவர் வேரியபிள் பேயை முற்றிலும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

துறையும் மாறிக்கொண்டிருக்கிறது. ஆட்டோக்களுக்குக் கமிஷன் பிடிப்பதை விட்டு, நாளுக்கு இவ்வளவு என்று சந்தா வாங்கும் முறைக்குச் செயலிகள் வந்துவிட்டன. பெங்களூருவில் தொடங்கிய நம்ம யாத்ரி காட்டிய வழி அது. கமிஷன் சண்டை குறைந்தால் கவுண்டரின் கூட்டமும் குறையும், அதோடு கவுண்டர் வேலைகளும் குறையும். மத்திய அரசு 2020 இல் வெளியிட்டு 2025 இல் திருத்திய வழிகாட்டுதல்கள், சொந்த வண்டி வைத்திருக்கும் ஓட்டுநருக்கு வாடகையில் 80 சதவீதமாவது சேர வேண்டும் என்றும், அவருக்கு மருத்துவக் காப்பீடு 5 லட்சம், ஆயுள் காப்பீடு 10 லட்சம் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. தமிழ்நாட்டில் இணையவழித் தற்சார்புத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைக்கப்படும் என்று 2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் அறிவித்து, அதன்படி அமைக்கப்பட்டும் விட்டது. அதில் பதிவு செய்ய வேண்டிய விவரத்தைக் கவுண்டரிலேயே ஒரு தமிழ்த் துண்டறிக்கையாகக் கொடுக்கலாம் என்று எங்கள் குழு எழுதித் தந்த யோசனை ஒப்புதலுக்குப் போனது. நான் விலகும்வரை திரும்பி வரவில்லை.

விலகியதும் எளிதாக இல்லை. அறுபது நாள் நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்தேன். கடைசி நாள் மடிக்கணினியையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டவர்கள், கணக்கைத் தீர்த்துப் பணம் தர 58 நாள் எடுத்துக்கொண்டார்கள். அதில் கடைசிக் காலாண்டின் வேரியபிள் தொகை இல்லை. காலாண்டு முடியும் நாளில் பணியில் இருப்பவர்களுக்கு மட்டுமே அது உரியது என்றும், அது கொள்கைக் கையேட்டில் இருக்கிறது என்றும் பதில் வந்தது. எத்தனையாவது பக்கம் என்று கேட்டு மூன்று முறை எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு பக்க எண்ணும், அந்த விதி சேர்க்கப்பட்ட தேதியும் வந்தன: நான் ராஜினாமாக் கடிதம் கொடுத்ததற்குப் பதினோரு நாளுக்குப் பிந்தைய தேதி. அதைச் சுட்டிக்காட்டியபோது, எந்த விளக்கமும் இல்லாமல் 13,200 ரூபாய் கணக்கில் வந்து சேர்ந்தது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகுபவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தரச் சொல்கிறது. சேரப்போகிறவர்கள் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே மூன்று விஷயங்களை மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: மாதம் கையில் வரும் தொகை எவ்வளவு, கடந்த நான்கு காலாண்டுகளில் உங்கள் குழுவுக்கு வேரியபிள் எத்தனை சதவீதம் தரப்பட்டது, விதியை மாற்றினால் எத்தனை நாளுக்கு முன் சொல்வார்கள். உதவி மையத்தில் வேலை என்றால் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஓட்டுநரின் கணக்கில் தவறு இருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால், அதை அந்தக் கவுண்டரிலேயே திருத்த உங்களுக்கு எத்தனை ரூபாய் வரை அதிகாரம் உண்டு?